ரிஸ்வானா வீட்டுப் பன்னிரண்டு நிமிடம்

போன மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம், மட்டாஞ்சேரி போட் ஜெட்டியில் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு போட்டையும் சந்தேகக் கேஸ் மாதிரி முறைத்துக்கொண்டு நின்றதை நீங்கள் பார்த்திருந்தால்... அதில் குட்டையாக இருந்தது நான். உயரமாக, வாயில் கடலை மிட்டாயோடு இருந்தது ரிஸ்வானா.

போட் வரும். நாங்கள் போனைப் பார்ப்போம். அப்புறம் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்போம்.

"எடீ, மறுபடியும் பன்னிரண்டு."

"பன்னிரண்டேதான். பதினொண்ணு கூட இல்ல."

"ஏன்டீ இப்படி?"

"என்கிட்ட கேட்டா? நானா போட் ஓட்டறேன்?"

போட் கிளம்பும். நாங்கள் ஏற மாட்டோம். அடுத்த போட்டுக்கு நிற்போம். ஜெட்டியில் கயிறு பிடித்துக் கட்டுகிற சேட்டன் இதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டே விட்டார்.

"எந்தா மோளே, ஆரையெங்கிலும் காத்து நில்க்குன்னதாணோ?"

யாருக்காகவாவது காத்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். மனிதர் மனதில் ஏதோ காதல் கதை ஓடுகிறது.

"இல்ல சேட்டா. போட் ஏன் எப்பவும் பன்னிரண்டு நிமிஷம் முன்னாடியே வருதுன்னு பார்க்கறோம்" என்று மலையாளத்தில் சொன்னேன்.

சேட்டன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். போட் லேட்டு என்று ஆயிரம் புகார் கேட்டிருக்கிறாராம். சீக்கிரம் வருகிறது என்று புகார் கொடுக்க வந்த முதல் பிறவிகள் நாங்கள்தானாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதெல்லாம் என் கெரியருக்காக.

நான் எறணாகுளத்தில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் சயன்ஸ் முதல் வருடம் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு: முதல் செமஸ்டரில் பிசிக்ஸில் நான் வாங்கிய மார்க்கைப் பற்றி ஒரு வாரம் முழுக்க எழுதி, அப்பாவிடம் அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்.

இந்த முதல் வருடம் என்பது ஒரு விநோதமான காலம். காலேஜுக்குள் நுழைந்து ஐடி கார்டில் போட்டோ கூட ஒட்டவில்லை, அதற்குள் எல்லாரும் வேலைக்குத் தயாராகிறார்கள். என் கிளாஸில் ஒருத்தன் தன் ப்ரொஃபைலில் 'மெஷின் லேர்னிங் நிபுணர்' என்று போட்டிருக்கிறான். லேபில் மின்விசிறி சுவிட்ச் எங்கே என்று அவனுக்கு இன்னும் தெரியாது. இன்னொருத்தி பதினெட்டு வயதில் 'தலைமைப் பண்பு' என்று ரெஸ்யூமில் எழுதியிருக்கிறாள். என்னடீ ஆதாரம் என்றால், ஓணத்துக்குப் பூக்களம் போட்டபோது மற்ற எல்லாரையும் அதட்டினாளாம். கொடுத்துவிடலாம், தப்பில்லை.

நடுவில் பர்சனாலிட்டி டெவலப்மென்ட் என்று ஒரு கிளாஸ். கோட் போட்ட ஒரு சார் வந்து சொன்னார்: "இன்டர்வியூவில் கேள்விக்கு பதில் தெரியாவிட்டாலும் தெரிந்த மாதிரி பேச வேண்டும். கான்ஃபிடன்ஸ்!" ஏப்ரல் வெயிலில், மின்விசிறி ஓடாத ஹாலில், கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டே சொன்னார். எனக்கு அந்த அறிவுரை ரொம்பப் பிடித்தது. ஏனென்றால் பிறந்ததிலிருந்து நான் செய்துகொண்டிருப்பதே அதுதான்.

இந்த நேரத்தில்தான் எங்கள் கோடிங் கிளப் ஒரு அறிவிப்பு விட்டது. கோடை லீவில் காக்கநாட்டில் ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பில் இன்டர்ன்ஷிப். பொதுவாக மூன்றாம் வருடத்துக்குத்தான் தருவார்கள். இந்த முறை முதல் வருடத்திலிருந்தும் ஒரு ஜோடிக்கு இடம் உண்டு. ஒரே ஒரு ஜோடி.

நான் அன்றைக்கே கேன்டீனில் நின்று, "அது எங்களுக்குத்தான், வேற யாரும் டிரை பண்ணி டைம் வேஸ்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டேன். ரிஸ்வானா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். லேட்.

ஆனால் உண்மையில் அந்த இடம் என்னைவிட ரிஸ்வானாவுக்குத்தான் தேவைப்பட்டது. அவள் அத்தாவுக்கு எறணாகுளம் பிராட்வேயில் துணிக்கடை. லீவு விட்டால் மகள் கடைக்கு வந்து கல்லாவில் உட்கார வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். போன வருடம் ப்ளஸ் டூ முடிந்த லீவு முழுக்க நைட்டி அளவு சொல்லியே அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "ஒரு ஆபீஸ்ல கூப்பிட்டாங்கன்னா போ. சும்மா வீட்ல உக்காந்து கம்ப்யூட்டர் தட்டறதுக்குன்னா கடைக்கு வா." இது அத்தாவின் தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

ஆக, காக்கநாடா, நைட்டியா? அதுதான் கேள்வி.

கிளப் போட்ட நிபந்தனை இரண்டு. ஒன்று, சின்னதாக ஒரு ஆப் செய்ய வேண்டும். அதில் இருக்கிற தகவல் நாமே சேகரித்ததாக இருக்க வேண்டும். நெட்டிலிருந்து எடுத்துப் போடக் கூடாது. இரண்டாவது, ஏஐ உதவியோடு எழுதலாம், தடையில்லை. ஆனால் 'விரல்' உண்டு.

விரல் என்பது எங்கள் கிளப்பின் வழக்கம். சீனியர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நம் ப்ரோக்ராமில் ஏதோ ஒரு வரியில் விரலை வைப்பார். "இந்த வரி ஏன் இங்கே இருக்கு?" சொல்ல வேண்டும். அவ்வளவுதான். 'ஏஐ போட்டது சேட்டா' என்று சொன்னவர்கள் வாசல் வழியாக வெளியே போய்விட்டதாகத்தான் வரலாறு.

எங்கள் ஆப்புக்குப் பேர் 'கிளம்பட்டா?'. மட்டாஞ்சேரியிலிருந்து தினமும் போட் பிடித்துக் காலேஜ் போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரே ஒரு பட்டன். அழுத்தினால், அடுத்த போட் எப்போது ஜெட்டிக்கு வரும் என்று பார்த்து, ஒன்று 'கிளம்பு' என்று சொல்லும். இல்லையென்றால் 'இன்னொரு சாயா குடிக்கலாம்' என்று சொல்லும்.

தகவல் சேகரிப்பு ரிஸ்வானாவின் வேலை. அவள் வீட்டு மாடி ஜன்னலில் உட்கார்ந்தால் ஜெட்டி தெரியும். ஸ்டடி லீவு முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு போட்டும் வந்து முட்டுகிற நேரத்தை எழுதினாள். கோட் எழுதுவது என் வேலை. அதாவது, ஏஐயிடம் கேட்டு எழுதுவது.

எழுதி முடித்து ஜெட்டியில் போய்ச் சோதித்தால், ஆப் சொல்லும் நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் முன்னாலேயே போட் வந்துவிடுகிறது. ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். நான் ஏஐயிடம் தட்டினேன்: "போட் பன்னிரண்டு நிமிஷம் முன்னாடி வருது, சரி பண்ணு." அது ஒரு வரியைச் சேர்த்தது. வருகிற நேரத்திலிருந்து பன்னிரண்டைக் கழி... அவ்வளவுதான் அந்த வரி. மறுபடி சோதித்தோம். கடிகாரம் வைத்த மாதிரி சரியாக இருந்தது! கைதட்டினோம். சாயா குடித்தோம். வீட்டுக்குப் போனோம்.

ஏன் என்று கேட்டோமா? வேலை செய்கிற ஒன்றை யாராவது ஏன் என்று கேட்பார்களா?

விரலுக்குப் பயந்து ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தபோதுதான் மாட்டினோம். முதல் வரி, தெரியும். ஐந்தாவது, தெரியும். இந்தப் பன்னிரண்டு?

ஏஐயிடமே கேட்டேன். "பயணிகள் ஏறுவதற்கான முன்னேற்பாட்டு நேரம்" என்றது. அடடா, என்ன ஒரு வார்த்தை! கோட் போட்ட சார் கேட்டால் கண்ணீர் விடுவார். நிஜமாகவா என்று கேட்டேன். "நீங்கள் சுட்டிக்காட்டியது சரி, இது காயல் நீரோட்டத்தால் ஏற்படும் வேறுபாடு" என்றது. அதுவும் நிஜமா? "இது போன் நேரத்துக்கும் சர்வர் நேரத்துக்கும் உள்ள வித்தியாசமாகவும் இருக்கலாம்." கேட்கக் கேட்க, பந்தியில் சாம்பார் ஊற்றுகிற மாதிரி காரணத்தை ஊற்றிக்கொண்டே போகிறது. போதும் போதும் என்று நாம்தான் இலையில் கை வைத்து மறிக்க வேண்டும்.

"முதல் காரணத்தையே சொல்லிடலாம்டீ. சூப்பரா இருக்கு" என்றேன்.

"ஆனா அது நெஜமில்லையே" என்றாள் ரிஸ்வானா.

"யாருக்குத் தெரியும்?"

"அதான்டீ பிரச்சனை. நமக்கே தெரியலையே."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதுவரை எனக்கு அந்த வரி ஒரு பரீட்சைக் கேள்வி மட்டும்தான். அவள் அப்படிச் சொன்ன பிறகு மூளையில் எறும்பு ஏறிவிட்டது. ஆமாம், ஏன் பன்னிரண்டு? தண்ணீரில் போகிற வண்டி, காற்று இருக்கிறது, ஏற்ற இறக்கம் இருக்கிறது. ஒரு நாள் பத்து, ஒரு நாள் பதினைந்து என்று இருந்தால் புரிகிறது. காயலில் எப்படி இவ்வளவு ஒழுங்கு? தூக்கம் வரவில்லை. பிசிக்ஸுக்காக நான் இப்படிக் கவலைப்பட்டிருந்தால் என் வாழ்க்கையே வேறு.

அப்படித்தான் ஜெட்டியில் போய் நின்றோம். கயிறு சேட்டன் சிரித்தது அப்போதுதான். அந்த வரியை எடுத்துவிட்டுப் பார்த்தோம். போட்டுப் பார்த்தோம். கயிறு சேட்டன் வேலியேற்றம், வேலியிறக்கம் என்று காயல் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பற்றி ஏதோ சொன்னார். ஏற்றத்திலும் நின்று பார்த்தோம், இறக்கத்திலும் நின்று பார்த்தோம். பன்னிரண்டு பன்னிரண்டாகவே இருந்தது. இந்த வெயிலில் அங்கே என்ன வேலை என்று என் அப்பா கேட்டதுதான் மிச்சம். அப்பா, ஜூ டவுன் என்கிற யூதத் தெருவில் ஒரு மசாலா கிடங்கில் கணக்கு எழுதுகிறவர். என்னைப் பார்க்கும்போதெல்லாம் பேங்க் பரீட்சை எழுதச் சொல்லுவார்.

களைத்துப் போய் ரிஸ்வானா வீட்டுக்குப் போனோம். அவள் உம்மா வேகவைத்த கப்பைக்கிழங்கும் மீன் கறியும் எடுத்து வைத்தார்கள். ரிஸ்வானா குடும்பம் ராவுத்தர்கள். தமிழ்தான் வீட்டுப் பேச்சு, எங்கள் வீட்டுத் தமிழைப் போலவே மலையாளம் கலந்தது. உம்மா என்று அவள் கூப்பிடுவதால் நானும் உம்மா என்றே கூப்பிடுவேன்.

"என்னா புள்ள, முகமெல்லாம் கருத்துப் போச்சு. ஜெட்டியில என்னா வேலை உங்களுக்கு?"

"போட் ஏன் சீக்கிரம் வருதுன்னு ரிசர்ச் உம்மா" என்றேன்.

"வந்தா ஏறிப் போவாங்களா, ரிசர்ச் பண்ணுவாங்களா?"

நான் கப்பையை வாயில் போட்டுக்கொண்டு போனில் அம்மாவுக்கு மெசேஜ் அடித்தேன். போன் ஐந்து மணி என்றது. தலையைத் தூக்கினேன். ஜன்னலுக்கு மேலே ஒரு பெரிய சுவர்க்கடிகாரம். அது ஐந்து பன்னிரண்டு என்றது.

போனை மறுபடி பார்த்தேன், ஐந்து மணிதான்.

"ரிசு. உங்க கடிகாரம் தப்பு."

"அதுவா? அது தப்பில்ல. ஃபாஸ்ட்" என்றாள், மீன் முள்ளை எடுத்துக்கொண்டே.

"எவ்வளவு ஃபாஸ்ட்?"

"ஒரு பன்னி..."

முள் அவள் கையிலேயே நின்றது.

நான் கத்தியதில் உம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார்கள். முள் குத்திவிட்டது என்று நினைத்து வெறும் சோற்று உருண்டையோடு வந்தார்கள்.

"உம்மா! இந்தக் கடிகாரத்தை யாரு இப்படி வெச்சது?"

"ஏன், அவ அத்தாதான். இவ ஆறாங்கிளாஸ்ல டெய்லி ஸ்கூலுக்கு லேட்டு. டீச்சர் கூப்பிட்டு விட்டுச்சு. அப்ப ஸ்டூல் போட்டு ஏறி பத்து நிமிஷம் முன்னாடி தள்ளி வெச்சாங்க."

"பத்துதானே? இன்னும் ரெண்டு?"

"அது பேட்டரி மாத்தறப்போ கூடிப் போச்சு. கூட இருந்தா நல்லதுதானேன்னு விட்டாச்சு."

"வீட்ல எல்லாருக்கும் தெரியுமா, இது ஃபாஸ்ட்டுன்னு?"

"தெரியாம? எல்லாரும் கழிச்சுத்தானே பார்க்கறோம்."

நான் ரிஸ்வானாவைத் திரும்பிப் பார்த்தேன். "நீ?"

"நானும் கழிச்சுத்தான் பார்ப்பேன். வெளிய கிளம்பறப்போ." அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. "போட் டைம் எழுதறப்போ... முள்ளு எங்க நின்னுச்சோ அதை அப்படியே எழுதிட்டேன். அது நான் கிளம்பறது இல்லையே."

நல்லவேளை, கையில் மீன் இருந்தது. இல்லையென்றால் அடித்திருப்பேன்.

காயல் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது. போட் சரியாகத்தான் வந்திருக்கிறது. நீரோட்டம், சர்வர், முன்னேற்பாட்டு நேரம் எல்லாம் பொய். ஒரு ஆறாம் கிளாஸ் சோம்பேறிக்காக அவள் அத்தா ஸ்டூலில் ஏறியது எங்கள் ப்ரோக்ராமுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது!

எனக்கு ஒரு சந்தேகம். "உம்மா, எல்லாரும் கழிச்சுத்தான் பார்க்கறீங்கன்னா அதை ஃபாஸ்ட்டா வெச்சு என்ன பிரயோஜனம்?"

உம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "கடிகாரத்தைப் பார்த்த உடனே பக்குன்னு ஒரு பயம் வருமில்ல? அப்புறம்தானே கழிப்போம். அந்த பக்குக்குத்தான் அது."

நான் இன்னொரு கப்பைத் துண்டை எடுத்துக்கொண்டேன்.

ரகசியம் கிடைத்துவிட்டது, ஆனால் நிம்மதி கிடைக்கவில்லை. வீட்டு வாசலிலேயே சண்டை ஆரம்பித்தது. சீனியர்கள் கேட்டால் எதைச் சொல்வது?

"முன்னேற்பாட்டு நேரம்னே சொல்லலாம்டீ" என்றேன் நான். "அது கேட்டாலே கம்பெனி மாதிரி இருக்கு. இது கேட்டா... இவ வீட்டுக் கடிகாரம் ஃபாஸ்ட்டா ஓடுது, நாங்க அதைப் பார்த்து எழுதிட்டோம்னா, ப்ராஜெக்ட் மாதிரியா இருக்கு? குடும்ப நாடகம் மாதிரி இருக்கு."

"எனக்கும் சொல்லறதுக்கு நாணக்கேடாத்தான் இருக்கு. எங்க வீட்டு மானம் போகும்." ரிஸ்வானா செருப்பின் வாரை மாட்டிக்கொண்டே யோசித்தாள். "ஆனா நெஜம் தெரிஞ்ச பின்னாடி பொய் சொன்னா என் முகத்துல தெரியும்டீ. உனக்குத் தெரியாது. உனக்குப் பழக்கம்."

இதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். பேசுவது நான், பக்கத்தில் நிற்பது அவள் என்று முடிவானது.

சனிக்கிழமை. லேபில் ஏசி போட்டிருந்தார்கள். எங்கள் முன்னால் நிகில் சேட்டன், அஞ்சு சேச்சி. இரண்டு பேரும் மூன்றாம் வருடம். வெளியே வராண்டாவில் மற்ற ஜோடிகள் உதட்டை அசைத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். இனி அங்கே நடந்த மலையாளத்தை உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

நிகில் சேட்டன் கண்ணை மூடி விரலை வைத்தார். வெறும் காலி வரி.

"இது ஏன் இருக்கு?"

"படிக்கிறவங்க மூச்சு விடறதுக்கு சேட்டா."

சிரித்தார்கள். ஆஹா, ரெண்டு பேரும் விழுந்துட்டாங்க என்று நினைத்தேன். அப்போதுதான் அஞ்சு சேச்சி திரையில் குனிந்தார். கண்ணை மூடவில்லை. திறந்த கண்ணோடு, நேராக அந்தப் பன்னிரண்டின் மேல் விரலை வைத்தார்.

"இது?"

கான்ஃபிடன்ஸ்! முதுகை நிமிர்த்தினேன். "பயணிகள் ஏறுவதற்கான முன்னேற்பாட்டு நேரம் சேச்சி."

"ஏறறதுக்குப் பன்னிரண்டு நிமிஷமா? யாரை ஏத்தறீங்க, யானையையா?"

நிகில் சேட்டன் இருமினார். என் வாய் திறந்தே இருந்தது. அதிலிருந்து நீரோட்டம் வரலாமா, சர்வர் வரலாமா என்று உள்ளே ஒரு தள்ளுமுள்ளு. பக்கத்தில் ரிஸ்வானா துப்பட்டாவை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மனதில் நைட்டிகள் வரிசையாகத் தொங்குவது எனக்குத் தெரிந்தது. எம், எல், எக்ஸ்எல்.

"சேச்சி, அது எங்க வீட்டுக் கடிகாரம்" என்றாள்.

சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஜன்னல், ஸ்டூல், அத்தா, உம்மா, பேட்டரி, ஜெட்டியில் நாங்கள் நின்றது, கடைசியில் கப்பை. சொல்லி முடிக்கும்போது காது நுனி வரை சிவந்துவிட்டது. நிகில் சேட்டன் மேஜை மேல் தலையை வைத்துச் சிரித்தார். அஞ்சு சேச்சி மட்டும் சிரிக்கவில்லை.

"சரி. தப்பு கடிகாரத்துலன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறமும் இந்த வரியை ஏன் வெச்சிருக்கீங்க?"

"அது... வேலை செய்யுது சேச்சி" என்றேன்.

"நாளைக்கு இவ வீட்ல பேட்டரி மாத்தினா? புதுசா டைம் எழுதினா அதுலயும் பன்னிரண்டு கழியுமா?"

ஆமாம், கழியும். பழைய தப்பைச் சரி செய்கிற அதே வரி புதிய சரியைத் தப்பாக்கும். இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. காரணம் கிடைத்த சந்தோஷத்தில் கதையை எல்லாரிடமும் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தோம்.

"தெரியல சேச்சி. அதை யோசிக்கல" என்றாள் ரிஸ்வானா. ஒரு நொடி விட்டு, "இப்பவே மாத்தட்டா?" என்றாள்.

என்னைக் கேட்காமலே லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். சேகரித்த நேரங்களை எல்லாம் திறந்து, ஒவ்வொன்றாகச் சரி செய்தாள். கடைசியில் அந்த வரிக்கு வந்து, கொஞ்சம் தயங்கி, அழித்தாள். பட்டனை அழுத்தினாள். 'இன்னொரு சாயா குடிக்கலாம்' என்றது ஆப்.

"போகலாம்" என்றார் அஞ்சு சேச்சி. எங்களை வெளியே போகச் சொன்னாரா, சாயாவுக்குக் கூப்பிட்டாரா என்று தெரியவில்லை. வெளியே வந்துவிட்டோம்.

திரும்பி வரப் போட் பிடித்தோம். யானை, யானை என்று என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. கேன்டீனில் நான் விட்ட சவுண்ட் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

யோசித்துப் பாருங்கள். இந்த ஒரு வருடத்தில் எங்களுக்கு எத்தனை பதில்கள் சொல்லித் தந்தார்கள்! உன் பலம் என்ன, பலவீனம் என்ன, ஐந்து வருடத்தில் எங்கே இருப்பாய்... எல்லாவற்றுக்கும் ரெடிமேட் பதில் கைவசம் இருக்கிறது. பதில் இல்லாதபோது என்ன செய்வது என்பதற்கு மட்டும் ஒரு பீரியட் கூட இல்லை. பதில் சொல்ல இப்போது மிஷின் வேறு வந்துவிட்டது, அது தூங்காமல் சொல்லும். ஆனால் போய் ஜெட்டியில் நின்று பார்த்துவிட்டு வா என்றால் அதனால் முடியுமா? அதற்குக் கால் இல்லை. எங்களுக்கு இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் வாயை நம்பினேன்.

சாயங்காலம் கிளப் குரூப்பில் மெசேஜ் வந்தது. முதல் வருடத்திலிருந்து: வித்யா, ரிஸ்வானா.

வித்யா நான்தான். அலறிய அலறலில் அப்பா பேங்க் பரீட்சை ரிசல்ட் என்று நினைத்துவிட்டார். நான் எழுதாத பரீட்சை!

எதற்காக எங்களை எடுத்தார்கள் என்று விளக்கமெல்லாம் இல்லை. அடியில் அஞ்சு சேச்சி ஒரே ஒரு வரி போட்டிருந்தார்: "உம்மாவுக்கும் கங்கிராட்ஸ்."

ரிஸ்வானா அதை உம்மாவிடம் படித்துக் காட்டியிருக்கிறாள். அத்தாவும் கேட்டிருக்கிறார். மகள் ஆபீஸுக்குப் போகிறாள், கல்லாவுக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று முனகினாலும், அன்றைக்குக் கடையை மூடிவிட்டு வரும்போது பிரியாணி வாங்கி வந்தாராம். எல்லாம் சுபம்.

இந்தத் திங்கட்கிழமை முதல் நாள். மட்டாஞ்சேரியிலிருந்து போட், எறணாகுளத்தில் இறங்கி காக்கநாடு பஸ். ஜெட்டியில் நான் நிற்கிறேன். தலை வாரி, துப்பட்டா குத்தி, ஐடி கார்டு மாட்டி. ரிஸ்வானாவைக் காணோம். போட் வந்தது. காணோம். கயிறு சேட்டன் என்னைப் பார்த்து, "இன்னைக்காவது ஏறுவியா?" என்று சைகை காட்டினார். ஏறிவிட்டேன். போட் நகர்ந்த பிறகு போன்.

"எடீ, போட் போயிடுச்சா?"

"போயிடுச்சாவா? நான் அதுக்குள்ளதான் இருக்கேன்! நீ எங்கடீ?"

"வீட்டு வாசல்ல." அழுகிற குரல். "கடிகாரம் பார்த்துத்தான்டீ கிளம்பினேன். இன்னும் டைம் இருந்துச்சு!"

பின்னால் உம்மாவின் குரல் கேட்டது. "நான் நல்லதுக்குத்தான் புள்ள செஞ்சேன்! காலேஜ் முழுக்க நம்ம வீட்டுக் கடிகாரத்தைப் பத்திப் பேசறாங்க, மானக்கேடுன்னு, ராத்திரி அத்தாவை ஸ்டூல்ல ஏத்திக் கரெக்ட்டா திருப்பி வெச்சோம்!"

கடிகாரம் சரியாகத்தான் இருந்தது. ரிஸ்வானாதான் எப்போதும் போலப் பன்னிரண்டைக் கழித்திருக்கிறாள். திரையில் அழித்த வரி, தலைக்குள் அப்படியே இருந்திருக்கிறது.

"ஆப்பைப் பார்த்திருக்கலாம்ல? அது 'கிளம்பு'ன்னு சொல்லியிருக்குமே!"

"அதை யாரு நம்புவா? எழுதினது நீதானே!"

அடுத்த போட்டில் வந்து சேர்ந்தாள். முதல் நாளே லேட்டு, கேட்டதற்குக் காரணத்தை மறைக்காமல் சொன்னாள், ஆபீஸே சிரித்தது, அவளுக்கு எல்லாரும் ஒரே நாளில் பழக்கமாகிவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரியே அத்தா மறுபடி ஸ்டூலில் ஏறிவிட்டார். கடிகாரம் பழையபடி பன்னிரண்டு நிமிடம் ஃபாஸ்ட்.

நான் எப்படிச் சரியான நேரத்துக்குப் போட் பிடித்தேன் என்று கேட்கிறீர்களா? போனைப் பார்த்துத்தான். எங்கள் வீட்டுக் கடிகாரம் நின்றே இரண்டு வருடம் ஆகிறது!